பொனற்றிலை வைச்ச கை

கார் பாக்கப் போற வீட்டிலை தேத்தண்ணி குடிக்கக் கூடாதெண்டு எனக்குச் சொல்லித்தந்தது என்ரை மருமோன். குடிச்சால் வாய் கட்டுப்பட்டுப் போமாம். பிறகு அந்தக் காரிலை இது பிழை, அது பிழை எண்டு சொல்ல நாக்கு எழும்பாதாம். மனுசன் பட்டறிஞ்சதைத்தான் சொன்னவர். வேலணையிலை ஒரு வீட்டுக்கு மோட்டச்சைக்கிள் பாக்கப் போய், அவை குடுத்த தோசையை நல்லாத் திண்டுபோட்டு, "திண்ட கையோடை எப்பிடி மாமி வேண்டாமெண்டுறது?" எண்டு அதை வாங்கிக்கொண்டு வந்தவர். அது இண்டைக்கும் மிதிக்க மிதிக்க இருமும், கிளம்பாது. சில நாள் காலமை மருமோன் முன்னுக்கு உருட்ட, பேத்தி பின்னாலை தள்ள, புளியங்கூடல் சந்தி மட்டும் ஊர்வலம்தான். எனக்கெண்டால் அது பாக்கச் சரியான பகிடி.

இப்ப அந்தப் பேத்திதான் போனை எனக்கு முன்னாலை வைச்சு, "அம்மம்மா, கார் வாங்கின கதையைச் சொல்லுங்கோ, நான் பிறகு எழுதுறன்" எண்டுறாள். எனக்கு எழுத்தெண்டால் பெருவிரலை மையிலை தோய்ச்சு வைக்கிறது மட்டும்தான். கதைக்கச் சொன்னால் கதைப்பன், அதுக்கொரு குறையுமில்லை. ஆனால் இந்தக் கதையிலை எனக்கு வெக்கம் கனக்கக் கிடக்கு. பிள்ளை, அந்த இடம் வரேக்கை நீ சிரிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்.

இவள் பிறந்தது ஆஸ்பத்திரியிலை இல்லை. பண்ணைப் பாலத்திலை, மண்டைதீவுக்குத் திரும்புற இடத்துக்குக் கிட்ட, ஓட்டோவுக்குள்ளை. நல்ல மாரிமழை. ஓட்டோ தண்ணி குடிச்சு நடுவழியிலை நிண்டுட்டுது. ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. ஓட்டோக்காரர் மழைக்குள்ளை இறங்கி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "தேவமாதாவே, தேவமாதாவே" எண்டு கத்துறார். நான் உள்ளுக்கிருந்து நயினாதீவு அம்மாளைக் கூப்பிடுறன். ரெண்டு தாய்மாரும் சேந்துதான் இவளை என்ரை கையிலை தந்தவை. நான் இதை எல்லாருக்கும் புழுகமா, சந்தோசம் பொங்கச் சொல்லுவன். என்ரை மகள் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

கன வருசத்துக்குப் பிறகு போன வருசம் மகளுக்கு ரெண்டாவது தங்கிச்சுது. பிறசரும் வந்திட்டுது. பிள்ளைப்பெறு நோ தொடங்கினால் சுணங்காமல் பாலம் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேணுமெண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார். அண்டையிலையிருந்து மகளுக்கு நித்திரையில்லை. வாய் திறந்து ஒண்டும் சொல்லமாட்டாள், ஆனால் ஒழுங்கையிலை ஓட்டோச் சத்தம் கேட்டால் முகம் கறுத்துப்போம். அதுதான் கார் தேடினது. வடிவு வேண்டாம், புதுசு வேண்டாம். பாலத்திலை நிக்காத கார், அவ்வளவுதான்.

மருமோன் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலையும் போனிலை எஞ்சின் படம்தான் பாத்தவர். அறுநூத்தறுபது எஞ்சினாம், எண்ணூறு எஞ்சினாம், ஆயிரம் எஞ்சினாம்.

"இதிலை எது தம்பி நல்லது?"

"சின்ன எஞ்சின் பெற்றோல் குடிக்காது மாமி. ஆனால் எங்கள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாடைக் காத்துக்கு எதிராப் பாலத்திலை போகேக்கை அதுக்கு இளைக்கும்."

"அப்ப ஆட்டுக்குட்டியை வண்டிலிலை பூட்டுற மாதிரி."

"அதேதான். ஆயிரம் எண்டால் எங்களுக்குக் காணும்."

அவருக்குப் பேரம் பேசத் தெரியாது. விலை சொன்ன உடனை "அப்பிடியோ" எண்டு தலையாட்டுவார். நான் மீன் சந்தையிலை செவுளைத் தூக்கிப் பாத்து, மூக்கைச் சுழிச்சு, ரெண்டு அடி நடந்து போட்டுத் திரும்பி வாற ஆள். அதாலை மகள், "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டுட்டாள். எனக்குச் சொல்லேலாத சந்தோசம். நல்ல சீலையை எடுத்து உடுத்தன்.

முதல் பாத்தது ரவுணிலை, கார் விக்கிற கடையொண்டிலை. எஞ்சினும் பற்றறியும் சேந்து ஓடுற கார். கடைக்காரர் ஸ்ராட் பண்ணிப்போட்டுப் பெருமையா நிக்கிறார். ஒரு சத்தமுமில்லை. நான் மருமோனை இடிச்சு, "தம்பி, இது செத்துப்போச்சு" எண்டன். கடைக்காரருக்குக் கேட்டிட்டுது. "அம்மா, அது ஓடிக்கொண்டுதான் நிக்குது" எண்டார். ஆனால் அந்தப் பற்றறிக்கு வயசு போட்டுதாம், மாத்துறதெண்டால் இன்னொரு கார் வாங்குற செலவாம். மருமோன் தலையாட்டுறத்துக்கு முன்னம் நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டன்.

அடுத்தது மண்டைதீவிலை, கடற்றொழில் செய்யிற ஆக்கள். மனுசன் கார்க் கதவைத் திறந்து காட்டி "பாருங்கோ சீற்றை, புதுசு மாதிரி" எண்டுறார். பின்னாலை மனுசி இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு சிரிக்குது.

"அம்மா, ஆருக்கு வாங்குறியள்?"

"மகளுக்கு, பிள்ளை. இது பிள்ளைப்பெறு மாசம்."

"அய்யோ, அப்ப உந்தக் காரை வாங்காதேங்கோ. இவர் உதிலைதான் மீன்பெட்டி ஏத்தினவர். கீழையெல்லாம் உப்புத்தண்ணி."

"உன்ரை வாயை ஒருக்கா மூடனப்பா, நான் வித்து முடிக்கட்டும்!"

"பிள்ளைத்தாச்சிக்கு வித்துப் பாவத்தைத் தேடப்போறியளோ? வேறை ஆருக்கும் வியுங்கோ, நான் வாய் திறக்கேல்லை."

மருமோன் காருக்குக் கீழை படுத்துப் பாத்துப்போட்டு எழும்பேக்கை தலைமயிரெல்லாம் துருக் கறள். அந்த மனுசி எங்களுக்கு ரெண்டு பாரை மீன் சுத்தித் தந்துவிட்டுது. அதுக்குத் தேத்தண்ணிச் சட்டம் இல்லையெண்டு நான் வாங்கிப்போட்டன்.

மூண்டாவதுதான் சுருவில் கார். வெள்ளை, ஆயிரம் எஞ்சின். வைச்சிருந்தவர் கந்தோரிலை வேலை செய்து பென்சனிலை வந்தவர். கண் பார்வை குறைஞ்சதாலை விக்கிறார். ஒரு ஆள்தான் ஓடினது, நேரநேரத்துக்கு ஒயில் மாத்தினது எண்டு கேள்விப்பட்டு மருமோனுக்கு முகமெல்லாம் பல்லு. போனிலை அவரிட்டை ஒண்டுதான் கேட்டவர். "ஐயா, நாளைக்கு நாங்கள் வருமட்டும் காரை ஸ்ராட் பண்ணாதேங்கோ. எஞ்சின் ஆறிக் கிடக்கேக்கை பாக்கவேணும்." ஆறின எஞ்சின் பொய் சொல்லாதாம். முதலே ஓட்டிச் சூடாக்கி வைச்சால், கள்ளப் புகையும் கள்ளச் சத்தமும் மறைஞ்சு போமாம். அவரும் "சரி தம்பி, தொடமாட்டன்" எண்டு சொல்லியிருக்கிறார்.

போற வழியிலை அந்த இருமல் மோட்டச்சைக்கிளிலை பின்னாலை இருந்துகொண்டு நான் சட்டங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டன். தேத்தண்ணி குடிக்கக் கூடாது. உறவு விசாரிக்கக் கூடாது. இது எனக்குச் சரியான கஷ்டம். எங்கடை தீவுகளிலை ரெண்டு பேர் சந்திச்சு நாலு சொல்லுக் கதைச்சால், எப்பிடியும் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ நடுவுக்கு வந்து நிண்டுவிடும். உறவு வந்தால் பேரமில்லை. "அதாலை மாமி, ஊரைச் சொல்லாதேங்கோ. எஞ்சினை மூடுற பொனற்றிலை கையை மட்டும் வையுங்கோ."

படலையடியிலை அந்த வீட்டு மனுசி சிரிச்சுக்கொண்டு வந்துது. கையிலை தட்டம். தேத்தண்ணி, பயத்தம் பணியாரம். நல்ல வாசம்.

"வாங்கோ அக்கா, இருங்கோ. தேத்தண்ணியை எடுங்கோ."

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனாங்கள்."

"ஒரு வாய் எண்டாலும்."

"வயித்துக்கு ஒத்துவராது."

"அப்ப ஒரு பணியாரம்? சரி, எங்கையிருந்து அக்கா வாறியள்? ஆரின்ரை பகுதி?"

"உங்காலைதான்," எண்டு கையை ஒரு பக்கம் காட்டினன். அது கடல் பக்கம். மீனுக்குப் பிறந்தவள் எண்டு நினைச்சிருக்கும். அது என்ரை முகத்தை வடிவாப் பாத்துப்போட்டுத் தட்டத்தைக் கதிரையிலை வைச்சுது.

நான் நேரை காரடிக்குப் போய் உள்ளங்கையை விரிச்சுப் பொனற்றிலை வைச்சன்.

வைச்ச கையை எடுத்திட்டன். சுட்டுது. கார் நல்ல நிழலுக்குள்ளை நிக்குது, வெயில் சூடெண்டு சொல்லேலாது.

அப்ப எனக்கு வந்த புழுகத்தை இப்ப நினைச்சாலும் தலையைக் குனியவேணும். ஆளைப் பிடிச்சிட்டன் எண்ட புழுகம். சந்தையிலை கத்துற குரலிலை, "தம்பி, ஓடி வாங்கோ! அடுப்பாலை இறக்கின சட்டி மாதிரிக் கொதிக்குது! ஐயா எங்களைப் பேய்க்காட்டப் பாக்கிறார்!" எண்டு கத்தினன். மருமோன், "மாமி, மெள்ள, மெள்ள" எண்டுறார். நான் விடேல்லை. "தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு விடியச் சூடாக்கி வைச்சிருக்கிறியளே, படிச்ச மனுசன் செய்யிற வேலையோ இது?" அயல் மதிலுகளுக்கு மேலாலை தலையள் எழும்பிச்சுது. ஆக்கள் கூடக்கூட என்ரை குரலும் கூடிச்சுது.

ஐயாவின்ரை மனுசி ஏதோ சொல்ல வாயெடுத்துது. "இல்லையக்கா, காலமை..." அவர் அதைத் திரும்பி ஒரு பார்வை பாத்தார். அது வாயை மூடிற்று.

அவர் என்னோடை கோவிக்கேல்லை. காரை மூடுற சீலையை எடுத்து உதறி, மூலை மூலையா இழுத்துக் காரை மூடினார். பிறகு மருமோனைப் பாத்து, "தம்பி, நான் காரை விக்கேல்லை. போயிட்டு வாங்கோ" எண்டார். அவ்வளவுதான்.

வீட்டை வந்து நான் மகளுக்கு நடிச்சே காட்டினன், கையை எப்பிடி வைச்சன், எப்பிடி எடுத்தன் எண்டு. பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சவள். மகள் சிரிக்கேல்லை. வயித்தைத் தடவிக்கொண்டு, "அப்ப கார் இல்லை" எண்டாள். மருமோன் வீட்டு முத்தத்திலை மோட்டச்சைக்கிளைத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.

ரெண்டு மூண்டு நாளாலை ஊர்காவற்றுறைக்குப் போக பஸ் ஏறினன். எனக்கு முன் சீற்றிலை ரெண்டு பொம்பிளையள், சுருவில் ஆக்கள். நான் எப்பவும் காதைக் குடுக்கிற ஆள்.

"எங்கடை ஒழுங்கைப் பெட்டைக்குப் பிள்ளைப்பெறு நோ வந்தது விடியப்புறம். ஓட்டோவும் இல்லை ஒண்டும் இல்லை. அந்த ஐயாதான் கண் தெரியாத கண்ணோடை காரை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு ஓடினவர். அங்கை வைச்சிருக்கேலாதெண்டு சொல்ல, அப்பிடியே பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனவர்."

"இப்ப எப்பிடியாம்?"

"தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அண்டைக்குக் காலமை அவர் திரும்பி வரேக்கை ஒரு சேதியும் இல்லை. அதாலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அந்த நேரம் பாத்துக் கார் வாங்கவெண்டு ஒரு கிழவி வந்ததாம் மச்சாள்! கார் சுடுதெண்டு ஒழுங்கை கிழியக் கத்தினதாம்!"

"எந்த ஊர்க் கிழவி?"

"ஆருக்குத் தெரியும்? ஊரைக் கேக்கக் கடலைக் காட்டினதாம்!"

ரெண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கினம். நான் சீலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டன். என்ரை உள்ளங்கை திரும்பவும் சுட்ட மாதிரி இருந்துது.

வெளியாக்களுக்கு அது விளங்குமோ தெரியாது. எங்கடை பக்கம் ஒருத்திக்கு நோ கண்டு போனால், பிள்ளை பிறந்த சேதி வருமட்டும் அந்நியரிட்டைச் சொல்லமாட்டினம். கண்பட்டிடும், நாவூறு பட்டிடும். நானும் சொல்லமாட்டன். என்ரை மகளுக்கு மாசம் கிட்டினதைக்கூட, மண்டைதீவு மனுசியிட்டை வாய் தவறினதைத் தவிர, ஊருக்குள்ளை மறைச்சுத்தான் வைச்சிருந்தனான். அந்த மனுசன் என்ரை பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டது, ஆரோ ஒரு பெட்டைக்குச் சேதி வரட்டும் எண்டு. அதுவும் பிள்ளைப்பெறுக்கு ஓடின கார்! எனக்கு அந்தக் கார் வேண்டியதே அதுக்குத்தானே. செவுளைத் தூக்கிப் பாக்கத் தெரிஞ்ச எனக்கு, ஒரு மனுசற்றை முகத்தைப் பாக்கத் தெரியேல்லை.

ஊர்காவற்றுறைக்குப் போகேல்லை. சுருவிலுக்கு இறங்கிற இடத்திலை இறங்கிட்டன். அந்தப் பொம்பிளையளும் இறங்கிச்சினம். அவை முன்னாலை போகட்டுமெண்டு செருப்பைக் கழட்டிக் கல்லெடுக்கிற மாதிரி நிண்டன். செருப்பிலை ஒரு கல்லும் இல்லை.

படலையைத் திறக்க அந்த மனுசி குசினிக்குள்ளையிருந்து எட்டிப் பாத்துது. ஆளை மட்டுக்கட்டிற்று. "வாங்கோ" எண்டு சொல்லேல்லை. சொல்லாமல் விட்டது நியாயம்தான். நான் முத்தத்திலை நிண்டுகொண்டு, "பிள்ளை, தேத்தண்ணி குடிக்க வந்தனான்" எண்டன்.

"வயித்துக்கு ஒத்துவராதெண்டியள்?"

"அது பொய்."

"அப்ப ஊர்? அது கடலோ, தரையோ?"

"புளியங்கூடல். கோயிலுக்குப் பின்பக்கம்." அப்பன்ரை பேர், அம்மான்ரை பேர், எல்லாம் ஒரே மூச்சிலை சொன்னன். அதுக்குக் கண் விரிஞ்சுது. அதின்ரை சின்னம்மாவின்ரை மகள் கட்டினது என்ரை பெரியப்பாவின்ரை மகனையாம். "அப்ப நீங்கள் எனக்கு மச்சாள் முறையெல்லே! அண்டைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமோ?" எண்டு என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக் கதிரையிலை இருத்திச்சுது. நான் அழுதிட்டன். தேத்தண்ணிக்குள்ளைதான் அழுதன். பணியாரமும் திண்டன், அழுதுகொண்டு திண்டாலும் அது நல்ல பணியாரம்.

ஐயா பேப்பரை முகத்துக்கு முன்னாலை பிடிச்சபடி இருந்தார். எழும்பேல்லை.

"ஐயா, நான் கதைச்சது பிழை. எனக்கு விளங்கேல்லை. என்ரை மகளுக்கும் இது மாசம்."

பேப்பர் கீழை இறங்கிச்சுது. "எத்தினை மாசம்?"

சொன்னன். பிறசரையும் சொன்னன், பண்ணைப் பாலத்து ஓட்டோவையும் சொன்னன். மறைச்சு வைச்சதெல்லாத்தையும் அந்நியனிட்டைக் கொட்டினன். இப்ப அந்நியனும் இல்லையே. அவர் பேப்பரை மடிச்சு வைச்சார்.

"நாளைக்கு விடிய அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கார் ஆறித்தான் கிடக்கும்," எண்டார். "ஆனால் நீங்களும் வரவேணும்."

எனக்கு ஏனெண்டு விளங்கேல்லை. அடுத்தநாள் விடியப் போனம். சீலையை எடுத்தால் கார் பனி பூத்த மாதிரி ஈரமா நிக்குது. மருமோன் பொனற்றைத் திறக்கப் போக, அவர் மறிச்சார்.

"தம்பி, பொறுங்கோ. முதல் அம்மா கையை வைக்கட்டும்."

"வேண்டாம் ஐயா," எண்டன் நான்.

"வையுங்கோ."

வைச்சன். குளிர்ந்து கிடந்துது. "குளிருது," எண்டன், எனக்கே கேக்காத குரலிலை.

"உது காணாது. அண்டைக்குக் கத்தின மாதிரிச் சொல்லுங்கோ. ஒழுங்கை கேக்கவேணும்."

மருமோன் நிலத்தைப் பாக்கிறார். மச்சாள் முந்தானையாலை வாயைப் பொத்துது. என்ன செய்யிறது? நான் மூச்சை இழுத்து, "கார் குளிர்ந்து கிடக்கு! ஐயா ஒருத்தரையும் பேய்க்காட்டேல்லை! பேய் நான்தான்!" எண்டு கத்தினன். மதிலுக்கு மேலாலை தலையள் எழும்பிச்சுது. அதிலை பஸ்ஸிலை இருந்த ஒருத்தியும் நிண்டாள். "இது கடற்கிழவியெல்லோ!" எண்டாள். ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. அவரும் அப்பதான் முதல்முதல் சிரிச்சார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை.

கார்த் திறப்பை ஒருக்காத்தான் திருப்பினது. எஞ்சின் பிடிச்சிட்டுது. மருமோன் பின்னாலை குந்தியிருந்து புகையைப் பாத்தார். நீலமுமில்லை, கறுப்புமில்லை. கீழை படுத்துப் பாத்தார். கறள் கொஞ்சம், ஆனால் தட்டக் கொட்டேல்லை. விலைக்கு நான் வாயே திறக்கேல்லை. மருமோன் "அப்பிடியோ" எண்டு தலையாட்டினார். அவற்றை வாழ்க்கையிலை அந்த ஒரு தலையாட்டல்தான் சரி.

மகளுக்கு நோ தொடங்கினது ஒரு விடியக்காலமை. எதிர்க்காத்து. மருமோன் ஓட, நான் மகளின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு எஞ்சினை மட்டும் கேட்டுக்கொண்டு போனன். மண்டைதீவுத் திருப்பத்திலை மகள் என்ரை கையை இறுக்கிப் பிடிச்சாள். கார் நிக்கேல்லை. அந்த இடத்தைக் கடந்து போயிட்டுது. அங்காலை போய்த்தான் அவள் கையை விட்டவள்.

ஆஸ்பத்திரியிலை மகளோடை மருமோன்ரை தங்கச்சி நிண்டுகொண்டாள். மருமோன் உடுப்பெடுக்க வர, பேத்தியைப் பாக்கவெண்டு நானும் அவரோடை திரும்பி வந்தன். முத்தத்திலை கால் வைக்கேல்லை, அயல்வீட்டு மனுசி படலையடிக்கு வந்திட்டுது. அப்ப ஒரு சேதியும் வரேல்லை.

"என்னக்கா, விடியவே கார் போச்சுது? எங்கை போனியள்?" எண்டு கேட்டுக்கொண்டு, பொனற்றிலை கையை வைச்சுது. "அம்மாடி, இப்பிடிச் சுடுது!"

"சும்மா, ரவுண் மட்டும்," எண்டுபோட்டு, நான் காரை மூடுற சீலையை எடுத்து உதறினன்.